நியூகாசிலுக்குப் போன பையனும் லியோன் கேட்ட கணக்கும்

2000 ஆகஸ்டில் ஒலிவியே பெர்னாருக்கு வயது 20. பிரான்சின் ஒலிம்பிக் லியோன் கால்பந்து கிளப்போடு அவர் போட்டிருந்த மூன்று ஆண்டுப் பயிற்சி ஒப்பந்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஜூலை 1 முதல் ஓராண்டுக்குத் தொழில்முறை ஒப்பந்தம் தருவதாகக் கிளப் சொல்லியிருந்தது. பெர்னார் அதில் கையெழுத்துப் போடவில்லை. கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போய் நியூகாசில் யுனைடெட்டில் சேர்ந்துவிட்டார்.

லியோன் நகரத் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் கிளப் வழக்குப் போட்டது. பெர்னாரும் நியூகாசிலும் சேர்ந்து 53,357.16 யூரோ நஷ்ட ஈடு தர வேண்டும் என்றது. இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்பதில்தான் வழக்கின் உயிரே இருக்கிறது. பெர்னாரைப் பயிற்றுவிக்க லியோன் செலவழித்த பணம் அல்ல அது. லியோன் நீட்டிய ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த ஓராண்டில் அவருக்குக் கிடைத்திருக்கும் சம்பளம். அதாவது, நாங்கள் தரவிருந்த சம்பளத்தை நீ வாங்காமல் போனாய், ஆகவே அதே தொகையை எங்களுக்குக் கட்டு என்பதுதான் கோரிக்கை.

படிக்கும்போதே ஏதோ இடறுகிறது அல்லவா? பத்து ஆண்டுகள் கழித்து ஐரோப்பிய நீதிமன்றத்தின் பெரிய அமர்வுக்கும் அதே இடத்தில்தான் இடறியது. ஆனால் அதைச் சொன்ன அதே தீர்ப்பில், சிறு கிளப்புகளுக்கு ஆதரவான ஒரு வாதத்தையும் நீதிமன்றம் எழுதிவைத்தது. பொஸ்மான் தீர்ப்பைத் தெரிந்த அளவுக்கு இதை நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம்.

முன்கதை

பொஸ்மானைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடிய ஸான்-மார்க் பொஸ்மானின் ஒப்பந்தம் 1990 ஜூனில் முடிந்தது. கிளப் முன்வைத்த புதிய சம்பளம் மாதம் 30,000 பிராங்க். அதுவரை அவர் சராசரியாக வாங்கியது 1,20,000. அவர் மறுத்தார். பிரான்சின் டன்கெர்க் கிளப்புக்குப் போக முயன்றார். ஒப்பந்தம் முடிந்த வீரருக்கும் பழைய கிளப் புதிய கிளப்பிடம் விலை, அதாவது ட்ரான்ஸ்ஃபர் தொகை, கேட்கலாம் என்பது அன்றைய விதி. அந்தப் பயணம் நடக்கவேயில்லை. 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அந்த விதியை உடைத்தது: ஒப்பந்தம் முடிந்தபின் வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக்குப் போகும் வீரருக்குப் பணம் கேட்கக் கூடாது.

இதன் சூட்டை முதலில் உணர்ந்தவை வளர்த்துக் கொடுக்கும் கிளப்புகள். அயாக்ஸ் 1995இல் ஐரோப்பாவின் சாம்பியன். 1996இல் எட்கர் டேவிட்ஸும் 1997இல் பாட்ரிக் கிளைவர்ட்டும் ஏசி மிலானுக்குப் போனார்கள். இருவருக்கும் அயாக்ஸுக்கு ட்ரான்ஸ்ஃபர் தொகை கிடைக்கவில்லை. அயாக்ஸுக்கே அந்தக் கதி என்றால், ஊர்ப் பள்ளி மைதானத்தை வாடகைக்கு எடுத்துப் பையன்களை ஓடவிடும் கிளப்பின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இளைஞர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்றுவிப்பது நியாயமான நோக்கம் என்று பொஸ்மான் வழக்கிலேயே நீதிமன்றம் ஒப்புக்கொண்டிருந்தது. ட்ரான்ஸ்ஃபர் தொகை அதற்குச் சரியான கருவி அல்ல என்பதுதான் அதன் நிலை. யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று முன்கூட்டித் தெரியாது. கிடைக்கும் தொகைக்கும் செலவுக்கும் தொடர்பும் இல்லை. இந்த வாசல் திறந்தே இருந்தது. அதன் வழியாக நுழைந்ததுதான் பெர்னார் வழக்கு.

வழக்கு நடந்த விதம்

16 முதல் 22 வயது வரை ஒரு தொழில்முறை கிளப்பில் பயிற்சி ஒப்பந்தத்தில் இருப்பவரைப் பிரான்சில் ‘ஜுவர் எஸ்ப்வார்’ என்பார்கள். நம்பிக்கை தரும் வீரர் என்று பொருள். பெர்னார் 1997 ஜூலையில் அப்படித்தான் சேர்ந்தார், 17 வயதில். அன்றைய பிரெஞ்சு தொழில்முறை கால்பந்து சாசனத்தின் 23ஆம் பிரிவுப்படி, பயிற்சி முடிந்ததும் வளர்த்த கிளப் கேட்டால் அவர் முதல் தொழில்முறை ஒப்பந்தத்தை அங்கேதான் போட வேண்டும். மறுத்தால், அந்தக் கிளப்பின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் மூன்று ஆண்டுகளுக்கு வேறு எந்த பிரெஞ்சு லீக் கிளப்பிலும் சேர முடியாது.

வெளிநாட்டுக்குப் போனால் என்ன செய்வது, பயிற்சிக்கு எவ்வளவு இழப்பீடு என்பதற்குச் சாசனத்தில் வழி எதுவும் இல்லை. ஆகவே லியோன் பொதுவான தொழிலாளர் சட்டத்தைப் பிடித்தது: ஒப்பந்தத்தை மீறிய ஊழியர் நஷ்ட ஈடு தர வேண்டும்.

2003 செப்டம்பரில் தொழிலாளர் தீர்ப்பாயம் லியோன் பக்கம் சாய்ந்தது. தொகையை மட்டும் 22,867.35 யூரோவாகக் குறைத்தது. 2007 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தொழிலாளி ஒன்றியத்துக்குள் எங்கும் போய் வேலை பார்க்கும் உரிமைக்கு இது முரண் என்றது. லியோன் விடவில்லை, பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2008இல் அது ஐரோப்பிய நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டது. தீர்ப்பு 2010 மார்ச் 16 அன்று வந்தது.

அதற்குள் பெர்னார் நியூகாசிலின் லெஃப்ட் பேக்காக நூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடி, சவுத்தாம்ப்டன், ரேஞ்சர்ஸ் என்று சுற்றி, ஆட்டத்தையே விட்டிருந்தார். லியோனோ 2002 முதல் 2008 வரை தொடர்ந்து ஏழு முறை பிரெஞ்சு சாம்பியன் ஆகியிருந்தது. சிறு கிளப்புகளுக்காகப் பேசப்பட்ட மிக முக்கியமான தீர்ப்பு ஒரு பெரிய கிளப்பின் வழக்கில்தான் பிறந்தது. தற்செயல் என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பத்து ஆண்டு வக்கீல் செலவைத் தாங்கும் சக்தி, அந்தத் தீர்ப்பு யாருக்காகக் கவலைப்பட்டதோ அவர்களிடம் இருந்திருக்காது.

தேறாத பையன்களின் செலவு

தீர்ப்பின் முடிவு இரண்டு பகுதி. வேறு உறுப்பு நாட்டில் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும் இளம் வீரருக்காக, வளர்த்த கிளப்புக்கு இழப்பீடு தரும் ஏற்பாடு சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனால் அந்தத் தொகைக்கும் உண்மையான பயிற்சிச் செலவுக்கும் தொடர்பு இருக்க வேண்டும். லியோன் கேட்டது கிளப்புக்கு ஏற்பட்ட மொத்த நஷ்டத்துக்கு ஈடு. பயிற்சிச் செலவைக் கணக்கிட்டு வந்த தொகை அல்ல. ஆகவே செல்லாது.

இதற்குப் போகும் வழியில் நீதிமன்றம் சொன்ன காரணம்தான் முக்கியம். பயிற்சியில் போடும் பணம் திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எல்லாப் பையன்களுக்கும் செலவு செய்துதான் ஆக வேண்டும். சிலர்தான் தொழில்முறைக்குப் போவார்கள். இழப்பீடே இல்லையென்றால் கிளப்புகள் பயிற்சியில் பணம் போடத் தயங்கும், குறிப்பாகச் சிறு கிளப்புகள். அந்தந்த ஊரில் அவை செய்யும் வேலைக்கு விளையாட்டைத் தாண்டிய சமூக, கல்விப் பயன் உண்டு. ஆகவே இழப்பீட்டைக் கணக்கிடும்போது, தொழில்முறை வீரராக ஆனவருக்கான செலவோடு ஆகாமல் போனவர்களுக்கான செலவையும் சேர்க்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியின் கனத்தை ஒரு பேச்சுக்கு எண்களில் பார்ப்போம். ஒரு கிளப் 25 பையன்களை 12 வயதில் சேர்க்கிறது. ஒருவன்தான் தேறுகிறான். அவனுக்கு ஆன செலவை மட்டும் கொடுத்தால் கிளப்புக்கு 25இல் ஒரு பங்கு கிடைக்கும். மற்ற 24 பேருக்கு வாங்கிய பூட்ஸும், ஓட்டிய வேனும், பயிற்சியாளரின் சம்பளமும் யார் கணக்கு? அந்த 24 பேர் இல்லாமல் அந்த ஒருவன் யாரோடு ஆடிக் கற்றிருப்பான்? எதிரில் நின்று பந்தைப் பறிக்க வந்தவர்கள் அவர்கள்தானே.

தீர்ப்புக்கு முன் நீதிமன்றத்துக்கு நடுநிலைக் கருத்துரை தந்த தலைமை வழக்கறிஞர் எலினர் ஷார்ப்ஸ்டன் இதில் நுட்பமான ஒரு வேறுபாடு காட்டினார். பணம் கட்டுவது புதிய கிளப் என்றால் தேறாதவர்களின் செலவையும் சேர்க்கலாம். வீரரே கட்ட வேண்டும் என்றால் அவருக்கு ஆன தனிச்செலவு மட்டுமே. என் மனம் இன்னும் ஒரு படி மேலே போகச் சொல்கிறது. வீரரிடம் கேட்கவே கூடாது. 17 வயதில் கையெழுத்துப் போட்ட ஒரு பையனின் தலையில் மற்ற 24 பேரின் செலவை ஏற்றுவது அவனைக் கடனாளியாக்கி வேலையில் சேர்ப்பதாகும். வளர்ந்த வீரனின் பலனை அடைவது வாங்கும் கிளப். பில் அங்கேதான் போக வேண்டும். பெர்னார் லியோனை மறுத்ததில் ஒரு தவறும் இல்லை. லியோன் பயிற்சிக்குப் பணம் கேட்டிருந்தால் அதிலும் தவறு இருந்திருக்காது. கேட்ட கணக்கும், அதைப் பையனிடமும் கேட்டதும்தான் தவறு.

ஃபிஃபாவின் கணக்கு

தீர்ப்பு வருவதற்கு முன்பே ஃபிஃபா ஓர் ஏற்பாட்டைச் செய்திருந்தது. பொஸ்மானுக்குப் பிறகு ஐரோப்பிய ஆணையத்தோடு நீண்ட இழுபறி. 2001 மார்ச்சில் உடன்பாடு. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் புதிய ட்ரான்ஸ்ஃபர் விதிகள். அவற்றில் சிறு கிளப்புக்கு இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று பயிற்சி இழப்பீடு. வீரர் முதல்முறை தொழில்முறை வீரராக வேறு நாட்டில் பதிவாகும்போதும், 23 வயதுக்குள் வேறு நாட்டுக் கிளப்புக்கு மாறும்போதும் புதிய கிளப் கட்டுவது. 12 முதல் 21 வயது வரையிலான பயிற்சி கணக்கில் வரும். கிளப்புகளை நான்கு வகையாகப் பிரித்து ஆண்டுக்கு இவ்வளவு என்று வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் முதல் வகைக்கு 90,000 யூரோ, பிறகு 60,000, 30,000, கடைசி வகைக்கு 10,000. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் கடைசி வகைக்கு 2,000 டாலர். ஒரு தொழில்முறை வீரரை உருவாக்க எத்தனை பேரைப் பயிற்றுவிக்க வேண்டியிருக்கிறது என்ற விகிதமும் இந்தத் தொகைகளுக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. 24 பேரின் செலவு இங்கே ஓரளவு வந்துவிடுகிறது.

கணக்கைப் போடுவது வாங்கும் கிளப்பின் வகையை வைத்து. அந்தப் பையனைத் தானே வளர்த்திருந்தால் புதிய கிளப்புக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்பதே கேள்வி. ஆனால் 12 முதல் 15 வயது வரையிலான நான்கு சீசன்களுக்குக் கடைசி வகை விலைதான். ஆப்பிரிக்காவின் ஒரு சிறு கிளப் ஒரு பையனை 12 முதல் 17 வரை வளர்த்து, 18இல் அவன் ஐரோப்பாவின் முதல் வகை கிளப்பில் தொழில்முறை ஒப்பந்தம் போட்டால், நான்கு சீசனுக்கு 40,000, இரண்டு சீசனுக்கு 1,80,000, மொத்தம் 2,20,000 யூரோ. அதே பையன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கடைசி வகை கிளப்பிலிருந்து முதல் வகைக்குப் போனால் இரு கிளப்புகளின் சராசரி பிடிக்கப்படும், 1,40,000 ஆகிவிடும். சிறு கிளப்புக்கு இதுவே பெரும் பணம்.

இன்னொன்று சாலிடாரிட்டி பங்கு. ஒப்பந்தம் முடியும் முன் வீரர் விலைக்குப் போனால், அந்தத் தொகையில் 5 சதவீதத்தை 12 முதல் 23 வயது வரை வளர்த்த எல்லாக் கிளப்புகளுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். 12 முதல் 15 வரை ஒவ்வொரு சீசனுக்கும் மொத்த விலையில் 0.25 சதவீதம், அதன்பின் சீசனுக்கு 0.5 சதவீதம். 2016இல் போல் பொக்பாவை மான்செஸ்டர் யுனைடெட் யுவெண்டஸிடமிருந்து 10.5 கோடி யூரோவுக்கு வாங்கியது. அவர் பாரிஸ் புறநகரின் ருவாஸி, டோர்ஸி கிளப்புகளில் சிறுவனாக ஆடியவர். 12 முதல் 15 வயதுக்குள் ஒரு சீசனின் பங்கு அந்த விலையில் 2,62,500 யூரோ.

ஓட்டைகள்

சாலிடாரிட்டி பங்கு ட்ரான்ஸ்ஃபர் தொகையின் நிழல். தொகை இல்லையென்றால் நிழலும் இல்லை. கிலியன் எம்பாப்பே பாரிஸ் புறநகரான பொண்டியின் ஏஎஸ் பொண்டி கிளப்பில் வளர்ந்தவர். மொனாகோவிலிருந்து பாரிஸ் சென் ஜெர்மனுக்கு அவர் போன விலை 18 கோடி யூரோ. ஆனால் இரண்டும் பிரெஞ்சு லீக் கிளப்புகள். அன்றைய ஃபிஃபா விதியின் பங்கு நாடு தாண்டும் ட்ரான்ஸ்ஃபருக்குத்தான். 2024இல் ரியால் மாட்ரிட்டுக்குப் போனபோது நாடு தாண்டினார், ஆனால் ஒப்பந்தம் முடிந்து விலையின்றிப் போனார். வயது 25, பயிற்சி இழப்பீட்டுக்கும் இடமில்லை. உலகமே பேசிய இரண்டு நகர்வுகளிலும் ஃபிஃபாவின் சாலிடாரிட்டி ஏற்பாட்டின் வழியாக பொண்டிக்குச் சேர வேண்டியது எதுவும் இல்லை. 2020 ஜூலையிலிருந்து, வீரர் வேறு நாட்டில் வளர்ந்திருந்தால் உள்நாட்டு ட்ரான்ஸ்ஃபருக்கும் பங்கு உண்டு என்று விரிவாக்கினார்கள். பிரான்சில் வளர்ந்து பிரான்சுக்குள்ளேயே விற்கப்படுபவரின் முதல் கிளப்புக்கு அதனாலும் பயன் இல்லை.

அடுத்தது காகிதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயிற்சி இழப்பீடு கேட்க, ஒப்பந்தம் முடிய 60 நாட்களுக்கு முன்பே பழைய கிளப் எழுத்தில் புதிய ஒப்பந்தம் நீட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் உரிமை உண்டு என்று தனியாக நிரூபிக்க வேண்டும். மாலையில் தபால் அலுவலக வேலை முடிந்து வந்து செயலாளராக உட்காருபவர் நடத்தும் கிளப்புக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. 2022 வரை சிறு கிளப் தானே தேடிப் போய் உரிமை கோர வேண்டியிருந்தது, அதற்கு இரண்டு ஆண்டுதான். அதற்குள் அந்தப் பையன் எந்த நாட்டில் எந்தத் தேதியில் பதிவானான் என்று கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது. தேசியச் சங்கத்தில் சேராத தனியார் அகாடமி எத்தனை பேரை வளர்த்தாலும் இந்தப் பணத்துக்கு உரிமை இல்லை. ஆப்பிரிக்காவில் நல்ல வேலை செய்யும் பல இடங்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. பெண்கள் கால்பந்துக்குப் பயிற்சி இழப்பீட்டு விதி பொருந்தாது என்றே எழுதிவைத்தார்கள். ஒரு சிறுமிக்குச் செலவாகும் பூட்ஸ் பாதி விலைக்கு வருவதில்லை.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, பெர்னார் தீர்ப்பு உச்சவரம்பு மட்டும் வைத்தது என்பது. செலவுக்கு மேல் கேட்காதே என்றது. செலவுக்குக் கீழே கொடுக்காதே என்று யாரும் சொல்லவில்லை.

அதன் விளைவை இங்கிலாந்தில் பார்க்கலாம். அது உள்நாட்டு ஏற்பாடு, ஃபிஃபா விதிக்கு உட்பட்டதல்ல. 2011 அக்டோபரில் பிரீமியர் லீக்கின் புதிய அகாடமித் திட்டத்தைக் கீழ்மட்ட லீக் கிளப்புகள் 46க்கு 22 என்ற கணக்கில் ஏற்றன. ஏற்காவிட்டால் இளையோர் நிதி நின்றுவிடும் என்ற அச்சத்தில்தான் பலர் கை தூக்கினார்கள். அதுவரை இழப்பீட்டில் உடன்பாடு வராவிட்டால் தீர்ப்பாயம் ஒவ்வொரு பையனையும் தனியாகப் பார்த்து விலை சொல்லும். அந்தத் திட்டம் கொண்டுவந்தது அட்டவணை விலை. அன்று 9 முதல் 11 வயதுப் பிரிவுகளுக்கு ஆண்டுக்கு 3,000 பவுண்டு, 12 முதல் 16 வரை அகாடமியின் தரத்தைப் பொறுத்து 12,500 முதல் 40,000. பையன் மேலே போய் முதல் அணியில் ஆடினால் கூடுதல் தொகை உண்டு. ஆடினால்தான். அகாடமிக்குப் பயண நேரம் 90 நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றிருந்த கட்டுப்பாடும் பெரிய கிளப்புகளுக்குத் தளர்ந்தது.

லண்டனின் பிரென்ட்ஃபோர்ட் 2016இல் தன் அகாடமியை மூடியது. இரண்டு பையன்களை மான்செஸ்டரின் இரு பெரிய கிளப்புகளிடம் தலா 30,000 பவுண்டு அளவுக்கு இழந்திருந்தது. ஆண்டுதோறும் செலவழித்து வளர்ப்பதைவிட, மற்றவர்கள் கழித்துவிட்ட 17, 18 வயதுக்காரர்களை எடுத்து ‘பி’ அணி நடத்துவது மேல் என்று முடிவு செய்தது. கணக்கில் அது சரியாகவே வந்தது; 2021இல் பிரீமியர் லீக்கை எட்டினார்கள். பின்னர் மீண்டும் அகாடமி தொடங்கினார்கள். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் மேற்கு லண்டனின் 10 வயதுப் பையன்களுக்கு அந்த வாசல் மூடியிருந்தது. இழப்பீடு இல்லையென்றால் கிளப்புகள் தயங்கும் என்று 2010இல் நீதிபதிகள் எழுதினார்கள். இழப்பீடு இருந்தும் அது மலிவாக இருந்தால் அதே தயக்கம்தான் வரும். பிரெக்ஸிட்டுக்குப் பின் 2021 முதல் இங்கிலாந்து கிளப்புகளால் வெளிநாட்டிலிருந்து 18 வயதுக்குட்பட்டவர்களை எடுக்க முடியாது. அந்தப் பசிக்கு இனி உள்நாட்டுச் சிறு அகாடமிகள்தான் தீனி.

பெர்னாரைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஆட்டத்தை விட்டபின் அவர் வடகிழக்கு இங்கிலாந்திலேயே தங்கி, டர்ஹாம் சிட்டி என்ற சிறு கிளப்பின் உரிமையாளர் ஆனார்.

இப்போது நடப்பது

காகிதச் சிக்கலுக்கு ஃபிஃபா ஒரு விடை கண்டிருக்கிறது. 2022 நவம்பர் முதல் பாரிஸில் ஒரு தீர்வகம் இயங்குகிறது. வீரர் நாடு மாறியதும் கணினி அவருடைய மின்னணுக் கடவுச்சீட்டைத் தொகுக்கும். 12 வயதிலிருந்து எந்தெந்தக் கிளப்பில் பதிவானார் என்று வரிசை காட்டும். பங்கைப் பிரிக்கும். புதிய கிளப்பிடம் வாங்கி உரியவர்களுக்கு அனுப்பும். சிறு கிளப் தேடிப் போய்க் கேட்க வேண்டாம். அதுவரை ஆண்டுக்குச் சேர வேண்டியது 30, 40 கோடி டாலர் என்றும் உண்மையில் போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய 7 கோடிதான் என்றும் ஃபிஃபாவே சொன்னது. இருபது ஆண்டுகளாக எழுதிவைத்த உரிமையில் பெரும்பகுதி வாங்கிய கிளப்புகளின் பெட்டியிலேயே தங்கிவிட்டது என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

அந்தத் தொகுப்பு எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு நாட்டின் கால்பந்து சங்கமும் வைத்திருக்கும் பதிவிலிருந்து. பையனின் பெயர், பிறந்த தேதி, கிளப்பின் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள். மாவட்ட லீக் ஆட்டத்துக்கு அவசரமாகப் பெயர் எழுதிக் கொடுத்து, சீசன் முடிந்ததும் தூக்கிப்போட்ட தாளில் இருந்த பையன் அந்த வரிசையில் வரமாட்டான். எட்டு ஆண்டு கழித்து அவன் எங்கோ ஒரு நாட்டில் கையெழுத்துப் போடும் மாலையில், பாரிஸிலுள்ள கணினி அவனுடைய 12 வயதைத் தேடும். அந்த இடத்தில் ஒரு கிளப்பின் பெயர் இருக்க வேண்டும்.